காலரைச் சுண்டியும் நாய் கேட்கவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

காலரும் கயிறும் போட்டு நாயைப் பழக்க ஆரம்பிக்கிறவர்கள் முதலில் கேட்பது "எவ்வளவு பலமாகச் சுண்டணும்?" என்றுதான். இதற்குக் கிலோ கணக்கில் பதில் கிடையாது. ஐந்து கிலோ பொமரேனியனுக்கும் நாற்பது கிலோ ராட்வைலருக்கும் ஒரே அளவு ஆகாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஒரே நாய்க்குக்கூட, வீட்டுக்குள் போதுமாக இருக்கிற அளவு வெளியே ஒரு பூனை ஓடினால் போதாது. அதனால் நாயை அளப்பதை விட்டுவிட்டு என் கையை அளக்கப் பழகிக்கொண்டேன். கையில் எந்த மூட்டு அசைகிறது என்று பார்த்தால் போதும்.

விரல்: கயிற்றைப் பிடித்திருக்கும் விரல்கள் மட்டும் இறுகுகின்றன. கை நகரவில்லை. நாய்க்குக் காலரில் லேசான அழுத்தம் தெரியும், அவ்வளவுதான்.

மணிக்கட்டு: பூட்டில் சாவியைத் திருப்புகிற மாதிரி ஒரு சின்னச் சுண்டல். உடனே கயிறு மறுபடி தொய்ந்துவிட வேண்டும். தொய்வு வராவிட்டால் அது சுண்டல் இல்லை, இழுவை.

முழங்கை: கை மடங்குகிறது, நாயின் தலை திரும்புகிறது, முன்கால் இடம் மாறுகிறது.

தோள்: நாயே இழுபட்டு வருகிறது.

கீழே திருத்தம் என்று நான் சொல்வதெல்லாம் முதல் இரண்டைத்தான். முழங்கை அசைய ஆரம்பித்துவிட்டால் பிழை வேறெங்கோ இருக்கிறது என்று அர்த்தம். அதைத் தேடுவதற்குத்தான் இந்த வழிமுறை. "அடியாத மாடு படியாது" என்று பக்கத்தில் நின்று யாராவது சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலங்கு நடத்தையைக் கவனிக்கும் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் சங்கம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை, எந்த நாய்க்கும் எந்தப் பழக்கத்துக்கும் வெகுமதி முறையே போதும், வலியும் பயமும் தரும் முறைகள் வேண்டாம் என்கிறது. நானும் பெரும்பாலும் அந்தக் கட்சிதான். ஆனால் காலரைச் சுண்டுகிற பழக்கம் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டவர்கள் நிறையப் பேர். அந்தக் கை எங்கே தப்புச் செய்கிறது என்று யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

எந்த அறிகுறிக்கும் முன்னால்

காலர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணப் பட்டைக் காலர் என்றால் கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். மார்ட்டிங்கேல், அதாவது இழுத்தால் ஓரளவுக்கு மட்டும் இறுகும் காலர், இறுகும்போது அதன் இரண்டு வளையங்களும் ஒன்றோடொன்று முட்டக் கூடாது. முட்டினால் நாய்க்கு அது பெரிசு. சுருக்குச் சங்கிலி, அதாவது சோக் செயின், ஒரு பக்கம்தான் சரியாக வேலை செய்யும். நாய் உங்கள் இடப்பக்கம் நடக்கிறது என்றால், நாய்க்கு எதிரே நின்று மாட்டும்போது சங்கிலி ஆங்கில 'P' எழுத்து மாதிரி தெரிய வேண்டும். 9 மாதிரி தெரிந்தால் தலைகீழ்: இறுகும், ஆனால் கயிற்றை விட்டாலும் தளராது. நானே ஆரம்பத்தில் மூன்று வாரம் 9 போட்டு நடந்திருக்கிறேன். நாய் எவ்வளவு நல்லபடியாக வந்தாலும் கழுத்து இறுகியே இருந்தது. அது என்னிடமிருந்து என்ன கற்றுக்கொண்டிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்தது உடம்பு. நேற்றுவரை ஒழுங்காக நடந்த நாய் திடீரென்று முரண்டு பிடித்தால் காதில் சீழ், கழுத்தில் சுளுக்கு, இடுப்பு வலி என்று ஏதாவது இருக்கலாம். முதலில் கால்நடை மருத்துவர், அப்புறம்தான் பயிற்சி.

மூன்றாவது, நாய்க்கு விஷயம் தெரியுமா? சத்தமில்லாத அறையில், கயிறே இல்லாமல், பத்து முறை சொன்னால் எட்டு முறையாவது செய்கிறதா? செய்யவில்லை என்றால் அதற்கு இன்னும் தெரியாது. தெரியாததற்குத் திருத்தம் கிடையாது, கற்றுக்கொடுப்பதுதான் உண்டு.

அறிகுறி: எத்தனை தடவை சுண்டினாலும் இழுத்துக்கொண்டே போகிறது

என்னிடம் வருகிற புகார்களில் பாதிக்கு மேல் இதுதான். அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஒரு சோதனை செய்யுங்கள். அடுத்த நடையில் பத்து நிமிடத்துக்கு எத்தனை முறை சுண்டுகிறீர்கள் என்று எண்ணுங்கள். வீட்டில் இன்னொருவர் கூட வந்து எண்ணினால் இன்னும் நல்லது. சொந்தக் கை எத்தனை முறை அசைகிறது என்பது நமக்கே தெரியாது. முப்பது, நாற்பது என்று வந்தால் அதைத் திருத்தம் என்று சொல்ல முடியாது. காற்றில் ஆடும் கதவு மாதிரி அது பின்னணிச் சத்தமாகிவிட்டது. ஒரு திருத்தம் பலித்ததா என்பதற்கு ஒரே அடையாளம், அடுத்த முறை அது தேவைப்படாமல் போவது. இன்று நாற்பது, நாளை முப்பத்தெட்டு, வாரக் கடைசியில் நாற்பத்திரண்டு என்றால் எதுவுமே நடக்கவில்லை.

இது ஏன் இப்படி ஆகிறது? பெரும்பாலோர் மெதுவாக ஆரம்பித்து, கேட்கவில்லை என்று கொஞ்சம் கூட்டி, அப்புறம் இன்னும் கொஞ்சம் கூட்டுகிறார்கள். இரக்கத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் நாய்க்கு இது மரத்துப் போவதற்கான பயிற்சி. 1960-இல் நீல் மில்லர் என்ற உளவியலாளர் எலிகளை வைத்து இதைக் காட்டினார். உணவை நோக்கி ஓடும் பாதையில் மின்னதிர்ச்சியைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே வந்தபோது, எலிகள் கடைசியில் பலமான அதிர்ச்சியையும் பொருட்படுத்தாமல் ஓடின. முன்பழக்கம் இல்லாமல் அதே பலத்தை எடுத்த எடுப்பில் வாங்கிய எலிகளோ தயங்கி நின்றன. 1966-இல் அஸ்ரின், ஹோல்ஸ் என்ற உளவியலாளர்கள் தண்டனை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்தபோதும் இதையே எழுதினார்கள்: படிப்படியாக ஏறும் தண்டனை வலுவிழக்கும்.

பழைய பள்ளிப் பயிற்சியாளர்கள் இதைப் பிடித்துக்கொண்டு, "அதனால்தான் சொல்கிறோம், முதல் அடியே பலமாக இருக்க வேண்டும்" என்பார்கள். ஆய்வுக்கூடத்துக் கணக்குப்படி அது தப்பில்லை. ஆனால் ஆய்வுக்கூடத்தில் பொத்தானை அழுத்துவது இயந்திரம்; நொடி பிசகாது, எலிக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. தெருவில் நம் கை ஒரு நொடி தாமதமாகத்தான் வரும். அந்த ஒரு நொடியில் நாய் இழுப்பதை விட்டுவிட்டு உங்களைத் திரும்பிப் பார்த்திருக்கலாம். அப்போது நீங்கள் பலமாகக் கொடுத்தது எதற்கு? உங்களைத் திரும்பிப் பார்த்ததற்கு. மெல்லிய சுண்டல் தப்பான நேரத்தில் விழுந்தால் நஷ்டம் சின்னது. பலமானது தப்பான நேரத்தில் விழுந்தால் மாதக்கணக்கில் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

ஆக, ஏணியில் ஏறவும் வேண்டாம், மாடியிலிருந்து குதிக்கவும் வேண்டாம். நான் செய்வது இது: மணிக்கட்டு அளவில் இரண்டு முறை. மூன்றாவது முறையும் தேவைப்பட்டால் பலத்தைத் தொட மாட்டேன், சூழலை மாற்றுவேன். திரும்பி எதிர்த்திசையில் நடப்பேன், அல்லது கூட்டம் குறைந்த இடத்துக்குப் போவேன். நாய் என் பக்கத்தில் நடக்கும் ஒவ்வொரு ஐந்தாறு அடிக்கும் ஒரு துண்டு தின்பண்டம். நல்லபடியாக நடப்பதற்கு எதுவும் கிடைக்காமல், கெட்டதற்கு மட்டும் சுண்டல் கிடைக்கும் நாய்க்கு, எங்கே இருக்கக் கூடாது என்று தெரியும். எங்கே இருக்க வேண்டும் என்று தெரியாது.

கயிற்றை எப்போதும் விறைப்பாகப் பிடிப்பதும் இதே அறிகுறியைத் தரும். ஒரு பக்கம் அழுத்தம் வந்தால் அதற்கு எதிர்ப்பக்கம் முட்டுவது நாயின் இயல்பு. நீங்கள் பின்னால் இழுத்தபடியே நடந்தால் அது முன்னால் இழுத்தபடியேதான் நடக்கும். கயிறு சிரிக்கிற வாய் மாதிரி கீழே தொங்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் பெரிய நாய் உங்களைத் தரையில் சாய்த்துவிடும் என்ற பயம் இருந்தால், மார்புப் பக்கம் கொக்கி உள்ள ஹார்னெஸ் (கழுத்தை விட்டு உடம்பைச் சுற்றி மாட்டும் பட்டை) போடுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

அறிகுறி: ஒரே சுண்டலில் சுருண்டு போய்விடுகிறது

வால் காலுக்கு நடுவே, காது பின்னுக்கு, உதட்டை நக்குகிறது, கொட்டாவி விடுகிறது, தரையோடு ஒட்டி நடக்கிறது. உங்கள் கை முழங்கை அளவுக்குப் போகவே இல்லை என்றாலும் இந்த நாய்க்கு அது முழங்கைதான். சில நாய்களுக்கு விரல் அளவே அதிகம்; குரலைத் தாழ்த்தினாலே போதும். அவற்றுக்குக் காலரில் திருத்தமே வேண்டாம், நிறுத்துங்கள். இரண்டு வாரம் வெகுமதி மட்டும்.

சுருள்வது கண்ணுக்குத் தெரிந்தால் நல்லது. தெரியாதபோதுதான் ஆபத்து. "இப்போ எவ்வளவு சாது ஆயிடுச்சு பாருங்க" என்று ஒருவர் காட்டிய நாய், கயிறு மாட்டிய இடத்திலேயே உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. தின்பண்டத்தை மூக்குக்கு முன்னால் நீட்டினேன், மோந்துகூடப் பார்க்கவில்லை. சாதுவான நாய் தின்னும், கொட்டாவி விட்டால் தூங்கும், பெயர் சொன்னால் வால் அசைக்கும். இது வேறு.

1967-இல் செலிக்மன், மையர் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட சோதனை இந்த "வேறு" என்ன என்பதைக் காட்டுகிறது. சில நாய்களுக்கு, அவை என்ன செய்தாலும் நிற்காத மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்டது. பிறகு, தாழ்வான ஒரு தடுப்பைத் தாண்டினாலே அதிர்ச்சி நின்றுவிடும் என்ற பெட்டியில் விட்டபோது, அவற்றில் பெரும்பாலானவை தாண்டவே முயலாமல் படுத்து முனகின. அதற்கு அடுத்த ஆண்டு வெளியான ஆய்வில், அப்படிப்பட்ட நாய்களைக் கயிறு கட்டித் தடுப்புக்கு அப்பால் திரும்பத் திரும்ப இழுத்துக் காட்டிய பிறகே தப்பிக்க வழி இருக்கிறது என்று அவை கற்றுக்கொண்டன. அங்கே அதிர்ச்சியின் பலத்தை விட, "நான் செய்வது எதுவும் இதை நிறுத்தாது" என்பதுதான் நாயை முடக்கியது. நாம் காலரில் தப்பான நேரத்தில், தெரியாத கட்டளைக்கு, கயிறு தளராமல் கொடுக்கிற திருத்தமும் அந்தச் சாயலில்தான் இருக்கிறது.

சரிசெய்ய, நாய்க்குச் சுலபமாக ஜெயிக்கக்கூடிய விளையாட்டுகள் கொடுங்கள். கையை மூக்கால் தொட்டால் ஒரு துண்டு. பாயில் ஏறினால் ஒரு துண்டு. காலர் சில வாரம் பெயர்த்தகடு மாட்ட மட்டும் இருக்கட்டும்.

அறிகுறி: சுண்டினால் திரும்பிக் கடிக்க வருகிறது

உடனே செய்ய வேண்டியது: அதே இடத்தில் பதிலுக்குப் பலத்தைக் காட்டாதீர்கள். கயிற்றை நீளமாக விட்டு, முகத்தை நேராகப் பார்க்காமல், பக்கவாட்டில் நின்று தணிய விடுங்கள். அன்றைய பயிற்சி முடிந்தது. அடுத்த முறை வெளியே போவதற்கு முன்னால் வாய்க்கூடு பழக்குங்கள்.

"அது உங்களை அடக்கப் பார்க்குது, விட்டால் தலைமேல ஏறிடும்" என்ற அறிவுரை இங்கேதான் வரும். நாய் நமக்குத் தலைவனாகப் பார்க்கும் என்ற இந்தக் கதையின் வேர், கூண்டில் ஒன்றாக அடைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து 1947-இல் ருடால்ஃப் ஷெங்கல் எழுதியதில் இருக்கிறது. காட்டு ஓநாய்களைப் பல காலம் பின்தொடர்ந்த டேவிட் மெக் 1999-இல் எழுதியதோ, அங்கே கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, குட்டிகள் கொண்ட ஒரு குடும்பம் என்று. உங்கள் நாய் ஓநாயும் இல்லை என்பது தனிக் கதை.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹெரன் குழுவினர் 140 நாய் வளர்ப்போரிடம் நடத்திய ஆய்வு 2009-இல் வெளியானது. நாயை அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களில் 43 சதவீதம் பேர், நாய் பதிலுக்குச் சீறியது அல்லது கடிக்க வந்தது என்றார்கள். மல்லாக்கப் போட்டு அமுக்கியவர்களில் 31 சதவீதம். முறைத்துப் பார்த்தே அடக்க முயன்றவர்களில் 30. முறைத்ததற்கே முப்பது என்றால் கழுத்தில் விழுகிற இழுப்புக்கு என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கடி வேறு ஒருவருக்காகக் கிளம்பி உங்கள் மேல் திரும்புவதும் உண்டு. எதிரே உள்ள நாயை நோக்கித் துள்ளிக்கொண்டிருக்கும்போது சுண்டினால், பக்கத்தில் கிடைக்கிற தொடையில் பல் பதியும். அது உங்கள் மேல் கோபம் இல்லை. ஆனாலும் போடுகிற தையல் அதேதான். அந்த நாய்க்கு அடுத்த பகுதியைப் படியுங்கள். ஒரு முறையாவது தோல் கிழிந்திருந்தால், கட்டுரை படிப்பதோடு நிறுத்தாமல் நடத்தை தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

அறிகுறி: மற்ற நாயைப் பார்த்து குரைப்பதற்காகத் திருத்துகிறேன், நாளுக்கு நாள் மோசமாகிறது

இது பலம் கூடியதோ குறைந்ததோ இல்லை, கணக்கே தப்பு. நாயின் கண்ணால் பாருங்கள்: தூரத்தில் ஒரு நாய் தெரிகிறது. உடனே கழுத்தில் வலி. மறுநாளும் அப்படியே. நாம் "குரைக்காதே" என்று சொல்வதாக நினைக்கிறோம். அது "நாய் வந்தால் வலிக்கும்" என்று படிக்கிறது. வலிக்கு முன்னால் விரட்டிவிட வேண்டும் என்று இன்னும் தூரத்திலேயே, இன்னும் சத்தமாகக் குரைக்க ஆரம்பிக்கிறது.

என் சொந்தப் பிழை ஒன்று. சைக்கிளைத் துரத்தப் போன நாயைச் சைக்கிள் தெரிந்த ஒவ்வொரு முறையும் சுண்டினேன். பதினைந்து நாளில் துரத்துவது குறைந்தது, பெருமையாக இருந்தேன். அப்புறம் ஒரு நாள் வீட்டுக்குள் படுத்திருந்த நாய், வெளியே மணிச் சத்தம் கேட்டதும் எழுந்து உறும ஆரம்பித்தது. துரத்தல் ஒரு விளையாட்டாக இருந்தது. அதைப் பகையாக மாற்றியது நான்தான். அந்த மணிச் சத்தத்தை மறுபடி சாதாரணமாக்க நான்கு மாதம் ஆயிற்று.

செய்ய வேண்டியது தூரத்தைக் கண்டுபிடிப்பது. எதிர் நாயைப் பார்க்கிறது, ஆனால் உங்கள் கையிலிருந்து இன்னும் தின்னுகிறது என்ற தூரம் ஒன்று இருக்கும். இருபது அடியோ இருநூறு அடியோ, அது நாயைப் பொறுத்தது. தின்ன மறுத்தால் அருகில் வந்துவிட்டீர்கள், பின்வாங்குங்கள். அந்தத் தூரத்தில் நின்று, மற்ற நாய் கண்ணில் பட்டவுடன் தின்பண்டம் ஆரம்பம், மறைந்தவுடன் நிறுத்தம். வரிசை முக்கியம்: முதலில் நாய், பிறகு தீனி. மாற்றிப் போட்டால் தீனிப் பையைப் பார்த்ததும் "எங்கோ நாய் வருது" என்று விறைத்துக்கொள்ளும். சில வாரத்தில் எதிரே நாய் தெரிந்ததும் உங்கள் முகத்தைப் பார்க்கும். அந்தப் பார்வை வந்த பிறகு ஒவ்வொரு அடியாகக் கிட்டே போகலாம். இதற்குள் காலருக்கு வேலையே இல்லை. கயிறு ஓடிவிடாமல் பிடிக்க மட்டும்.

ஒன்று மட்டும் செய்யவே கூடாது: உறுமலைத் திருத்துவது. "குரைக்கிற நாய் கடிக்காது" என்ற பழமொழியை நம்பிப் பிள்ளைகளைக் கிட்டே விடுகிறவர்களும் தப்பு, உறுமினால் சுண்டி அடக்குகிறவர்களும் தப்பு. உறுமல் நமக்குக் கிடைக்கிற இலவச எச்சரிக்கை. அதை அடக்கினால் பயம் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். "எந்த அறிகுறியும் இல்லாம திடீர்னு கடிச்சிருச்சு" என்று சொல்கிற வீடுகளில் கொஞ்சம் விசாரித்தால், முன்பு உறுமியதற்காக அடி வாங்கிய கதை வெளியே வரும்.

அறிகுறி: இருமல், கரகரப்பு, வாந்தி வருவது போன்ற ஓங்கரிப்பு

நிறுத்துங்கள். இங்கே மென்மையாகச் சுண்டுவது என்றெல்லாம் ஒன்றும் கிடையாது. கழுத்தில் மூச்சுக்குழல், உணவுக்குழல், தைராய்டு சுரப்பி, தலைக்குப் போகும் ரத்தக் குழாய்கள், நரம்புகள் எல்லாம் சில அங்குலத்துக்குள் அடைந்து கிடக்கின்றன. பொமரேனியன், யார்க்ஷயர் டெரியர், சிவாவா போன்ற சின்ன இனங்களில் மூச்சுக்குழல் வளையங்கள் தளர்ந்து அமுங்கும் நோய் சகஜம். வாத்து கத்துகிற மாதிரி இருமும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சே ஏற்கெனவே சிரமம். டாக்ஸ்ஹுண்டுக்கு முதுகெலும்பின் வட்டுகள் எளிதில் பிதுங்கும். இவை எல்லாவற்றுக்கும் ஹார்னெஸ்தான்.

கண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 26 நாய்களை வைத்து 2006-இல் வெளியான ஆய்வில், நாய் காலரில் இழுக்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறியது; ஹார்னெஸில் இழுத்தபோது ஏறவில்லை. கண் அழுத்த நோய் உள்ள நாய்க்கு இது சின்ன விஷயம் இல்லை.

"நல்ல பஞ்சு வைத்த காலர் வாங்கினால் சரியாகிவிடுமா?" இல்லை. 2020-இல் பிரிட்டனில் செயற்கைக் கழுத்து ஒன்றில் அழுத்த உணரிகளைப் பொருத்தி ஏழு வகைக் காலர்களையும் ஒரு சுருக்குக் கயிற்றையும் சோதித்தார்கள். இழுத்தாலும் சுண்டினாலும் காயம் வராது என்று சொல்லும்படி எதுவும் தேறவில்லை. ஆக, மணிக்கட்டுச் சுண்டல்கூட இழுத்துக்கொண்டு பாயும் நாயின் கழுத்தில் விழும்போது மணிக்கட்டாக இருக்காது; அதன் வேகமும் சேர்ந்துகொள்ளும். ஓடும் நாயைச் சுண்டவே கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

அறிகுறி: காலரைக் கையில் எடுத்தாலே ஒளிந்துகொள்கிறது

காலர்தான் கெட்ட செய்தி என்று ஆகிவிட்டது. நெதர்லாந்தில் ஷில்டரும் வான் டெர் போர்கும் 2004-இல் காவல் நாய்களைப் பற்றி எழுதினார்கள். மின் காலரில், அதாவது கழுத்தில் மின்னதிர்ச்சி தரும் காலரில், பயின்ற நாய்கள், பயிற்சியே இல்லாமல் பூங்காவில் நடக்கும்போதும் மற்றவற்றைவிட அதிகப் பதற்றத்தைக் காட்டின. நாய் நம்மையும் சேர்த்தே அந்தக் கணக்கில் எழுதிவிடும் என்பதுதான் அதில் கவலை.

புதுக் காலர், வேறு நிறம், வேறு பொருள். அதைக் காட்டி ஒரு துண்டு, கழுத்தருகே கொண்டுபோய் ஒரு துண்டு, மாட்டி ஒரு துண்டு, உடனே கழற்றிவிடுங்கள். ஒரு வாரம் இப்படியே. பழையதைத் தூக்கிப் போடுங்கள்.

அறிகுறி: காலர் இருந்தால் தங்கம், கழற்றினால் காற்று

நாய் கட்டளையைக் கற்கவில்லை, கழுத்தில் என்ன கனம் இருக்கிறது என்பதைக் கற்றிருக்கிறது. சுருக்குச் சங்கிலி, முள் காலர் (உள்பக்கம் உலோக முனைகள் உள்ளது) இரண்டிலும் இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் பயிற்சிக்கு மட்டும் அவற்றை மாட்டி, சுண்டி, கழற்றுகிறோம். ஒன்று செய்து பாருங்கள்: அதை மாட்டிக்கொண்டு பத்து முறை வெளியே போய் ஒரு முறைகூடச் சுண்டாமல் திரும்புங்கள், கயிறு பட்டைக் காலரில் இருக்கட்டும். இடையிடையே கட்டளைகளுக்குக் கூலி கொடுங்கள், காலர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே கூலி. ஆனால் இந்த இரண்டு வகைக் காலரையும் கழுத்தில் மாட்டியபடி நாயைத் தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள். எதிலாவது சிக்கிச் சுருக்கிட்டுக்கொள்ளும். முள் காலர் சில நேரம் சட்டென்று கழன்றும் விடும். அதனால் பட்டைக் காலரையும் சேர்த்துக் கொக்கி போடுவது வழக்கம்.

அறிகுறி: மின் காலர் ஒரு நாள் வேலை செய்கிறது, மறுநாள் செய்யவில்லை

வேல்ஸில் 2010 முதல் இதைப் போடுவதே சட்ட விரோதம். உங்கள் ஊரில் என்ன நிலை என்று முதலில் பாருங்கள். நான் இதைப் பயன்படுத்துவதில்லை, யாருக்கும் சொல்வதும் இல்லை. ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்காக மட்டும்:

நேற்று கேட்ட எண் (அதிர்ச்சியின் பலத்தைக் குறிக்கும் எண்) இன்று கேட்கவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் தொடர்பு. முடி அடர்ந்த கழுத்தில் காலரின் மின் முனைகள் தோலைத் தொடவில்லை, அல்லது காலர் தளர்ந்து உருள்கிறது. இது தெரியாமல் எண்ணைக் கூட்டிவிடுவார்கள். அடுத்த நொடி முனை சரியாகத் தொடும்போது நாய் அலறும். எண்ணைத் தொடும் முன் காலரைத் தொட்டுப் பாருங்கள். நாய் காதை அசைக்கிற, அல்லது "என்ன அது" என்று கழுத்தைத் திருப்புகிற மிகக் குறைந்த எண்ணுக்கு மேல் போகக் கூடாது. குரல் வந்தால் அளவு தாண்டிவிட்டது. நாள் முழுக்க மாட்டி வைத்தால் முனைகளின் கீழ் தோல் புண்ணாகும்.

ஜெர்மனியில் ஷால்கே குழுவினர் 14 பீகிள் நாய்களை வைத்துச் செய்து 2007-இல் வெளியிட்ட ஆய்வு, பலத்தை விட நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நான் பார்த்ததில் நல்ல சான்று. ஒரு பிரிவுக்கு இரையைத் தொட்ட அந்தக் கணத்தில் மட்டும் அதிர்ச்சி. இன்னொரு பிரிவுக்குக் கூப்பிட்டு வராதபோது. மூன்றாவதற்குக் காரணமே இல்லாமல் எப்போதாவது. எச்சிலில் உள்ள கார்ட்டிசால் என்ற பதற்ற ஹார்மோனைப் பார்த்தபோது முதல் பிரிவில் பெரிதாக ஏறவில்லை. மற்ற இரண்டிலும் ஏறியது, காரணமற்ற பிரிவில் மிக அதிகம். அதாவது, எதற்கு என்று நாய்க்குப் புரிந்ததா என்பதுதான் வித்தியாசம். கூப்பிட்டு வராததற்கு அழுத்துகிறவர்கள் அந்த இரண்டாம் பிரிவைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் இந்தக் காலரை வாங்குவதே அதற்காகத்தான். பிரிட்டனில் 63 நாய்களை வைத்து நடந்து 2014-இல் வெளியான இன்னோர் ஆய்வில், கூப்பிட்டால் வருவது போன்றவற்றைப் பழக்குவதில் வெகுமதி முறையைவிட மின் காலர் மேலாக ஒன்றும் செய்துவிடவில்லை.

அறிகுறி: எனக்குக் கேட்கிறது, வீட்டில் மற்றவர்களுக்குக் கேட்பதில்லை

மற்றவர்களைப் பலமாகச் சுண்டச் சொல்லாதீர்கள். நீங்கள் "உட்கார்" என்கிறீர்கள், அம்மா "உக்காரு" என்கிறார், தம்பி விரலை நீட்டுகிறான். ஒரே சொல், ஒரே சைகை, எல்லார் பையிலும் தீனி. ஒரு வாரம் போதும்.

அறிகுறி: நாலு மாதக் குட்டி, திருத்தினால் விளையாட்டென்று நினைத்துக் கயிற்றைக் கடிக்கிறது

குட்டிக்குத் திருத்தம் கிடையாது. விரல் அளவுகூட வேண்டாம். ஆறு மாதத்துக்கு முன்னால் காலர் என்பது பழகிக்கொள்ள வேண்டிய ஒரு பொருள், அவ்வளவுதான். கயிற்றைக் கடித்தால் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வேறு பொம்மையை ஆட்டுங்கள். ஆறிலிருந்து பதினான்கு மாதத்துக்குள் பல நாய்களுக்கு, நேற்றுவரை சாதாரணமாக இருந்த குப்பைத் தொட்டியைப் பார்த்துக்கூட மிரளும் காலம் ஒன்று வந்து போகும். அந்த வாரங்களில் சுண்டுவதை முழுக்க நிறுத்திவிடுங்கள்.

அறிகுறி: நாய்க்கு ஒன்றுமில்லை, எனக்குத்தான் கோபம் வருகிறது

கயிற்றின் காலர் பக்க முனையை வீட்டில் யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லி, கண்ணை மூடச் சொல்லுங்கள். நீங்கள் வழக்கமாகச் சுண்டுகிற மாதிரி ஒரு முறை சுண்டுங்கள். "இவ்வளவா?" என்பார்கள். மணிக்கட்டு என்று நாம் நினைத்தது பல நேரம் முழங்கைதான். நடையில் கோபம் ஏறினால் கயிற்றைப் பக்கத்துக் கம்பத்தில் கட்டிவிட்டு இரண்டு நிமிடம் தள்ளி நில்லுங்கள். நாய் அதற்குள் எதையாவது மோந்து பார்த்து நேரத்தைப் போக்கிக்கொள்ளும். அப்புறம் அவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பலாம். மீதி நடையை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.